முந்திரியும் மாகாணியும்: திண்ணைப் பள்ளிக் கணக்கில் முன்னனுபவத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் தம் முன்னனுபவத்தைப் புதிய பாடத்தோடு எவ்வாறு இணைக்கின்றனர் என்னும் வினா, இன்று பெரும்பாலும் மேலைநாட்டு உளவியல் கோட்பாடுகளின் துணைகொண்டே விவாதிக்கப்படுகிறது. இவ்வினாவைத் தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவற்றின் அமைப்பு, சிறுவர் வீட்டிலும் களத்திலும் கண்ட அளவைகளோடு எங்கெங்கு பொருந்தியது, எங்கெங்கு முரண்பட்டது என்பது முதற்பகுதியில் காட்டப்படுகிறது. அவ்வனுபவம் யாருடையது என்னும் கேள்வி அடுத்து எழுப்பப்படுகிறது. காலனியக் கல்வித்துறையின் வருகை, நாணய மாற்றம், 1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம், பதின்ம அளவை முறை ஆகியன அவ்விணைப்பைப் பாதித்த விதம் இறுதியில் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, எண்சுவடி, நெல்லிலக்கம், கீழ்வாயிலக்கம், முன்னனுபவம், குலக்கல்வித் திட்டம்

முன்னுரை

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித்தரப்படும் நெறிகளுள் ஒன்று. இதன் கோட்பாட்டுப் பின்புலம் 19ஆம் நூற்றாண்டின் செருமானியச் சிந்தனையாளர் ஹெர்பார்ட்டிடம் (1776–1841) தொடங்குவதாகக் கல்வியியல் நூல்கள் கூறும். மனத்தில் முன்னரே குடிகொண்ட கருத்துகளே புதிய கருத்தை வரவேற்று இடமளிக்கின்றன என்பது அவர் கொள்கை. ஜான் டூயி 1938இல் வெளியிட்ட 'அனுபவமும் கல்வியும்' என்னும் நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்றும், பின்வரும் அனுபவத்திற்கு வழிதிறக்கும் அனுபவமே கல்வியாகும் என்றும் வரம்பிட்டார். 1968இல் டேவிட் ஆசுபெல், கற்போன் முன்னரே அறிந்திருப்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளுள் தலையாயது என்றார்.

தமிழ் மரபில் இக்கருத்து இல்லாததன்று. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கனின் கொள்ளும் திறனை அறிந்து பாடம் சொல்லுதலை ஆசிரியனுக்குரிய இலக்கணமாக வகுக்கிறது. எனினும், நம்மிடமும் இருந்தது என நிறுவுவதோடு நின்றுவிடும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. ஒரு நூற்பா இருப்பதனால் அந்நூற்பா வகுப்பறையில் நடந்தது என்றாகாது. ஆகவே பாயிரங்களை விடுத்து, சிறுவர் கையிலிருந்த சுவடிகளை நோக்குவதே பயனுடையது. அச்சுவடிகளுள் கணக்குச் சுவடிகளே மிகுந்த சான்று தருவன. இலக்கியப் பாடத்தில் மாணவன் எதை உணர்ந்தான் என்பதை அறிய வழியில்லை. கணக்குப் பாடத்திலோ அவன் எந்தப் பொருளை எந்த வரிசையில் எண்ணினான் என்பதாவது ஓலையில் பதிவாகியுள்ளது.

இத்துறையில் செந்தில்பாபு மேற்கொண்ட ஆய்வுகள் முன்னோடியானவை. திண்ணைப் பள்ளிகளில் நினைவாற்றல் என்பது வெறும் மனப்பாடமாக இருக்கவில்லை, அதுவே ஒரு கற்றல் முறையாக இயங்கியது என்பது அவர் நிறுவிய கருத்து. இக்கட்டுரை அக்கருத்தை ஏற்று, நினைவில் நின்ற அவ்வாய்பாடுகள் மாணவனின் வாழ்வனுபவத்தோடு கொண்ட உறவை மட்டும் தனித்தெடுத்து நோக்குகிறது.

சுவடியின் வரிசை

திண்ணைப் பள்ளிச் சிறுவன் மணலில் விரலால் எழுத்துப் பழகியபின் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் இரண்டையும் கற்றான். முன்னது எண்களின் வரிசை. முந்திரி என்னும் 1/320இல் தொடங்கி மேலேறுவது. பின்னது முகத்தல் அளவையின் வரிசை. ஒரு நெல்மணியில் தொடங்கி மேலேறுவது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். இவ்வரிசையின்படி ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்திற்கு 96 நாழி.

இங்கு கருதத்தக்கது, எண்ணைக் கற்கும் அதே நாள்களில் அளவையும் கற்பிக்கப்பட்டது என்பதாகும். இன்றைய பாடநூல்களில் எண்களும் நாற்செயல்களும் முதலில் வரும். அளத்தல் என்பது அவற்றைப் 'பயன்படுத்தும்' பிற்பகுதியாக வரும். திண்ணைப் பள்ளியில் நெல் பயன்பாட்டுப் பொருளாக அன்றி எண்ணின் மற்றொரு வடிவமாகவே நின்றது. ஆழாக்கும் உழக்கும் உரியும் சிறுவனுக்குப் புதிய சொற்கள் அல்ல. அடுக்களையில் அரிசி அளக்கும்போதும், அண்டை வீட்டில் எண்ணெய் கடன் வாங்கும்போதும் அவன் அவற்றைக் கண்டிருந்தான். இரண்டு உழக்கு ஓர் உரி என்பதை அவன் பள்ளியில் கேட்கும்போது, அது செய்தியாக அன்றி, கண்டதற்கு ஒரு பெயர் வரிசையாகவே அவனை அடைந்திருக்கும். பள்ளி அவனுக்குப் புதிதாகத் தந்தது வரிசையின் இரு முனைகள்தாம். கீழே, எவரும் எண்ணிப் பார்த்திராத 360 நெல்மணி. மேலே, சிறுவன் வீட்டில் காணாது களத்தில் மட்டுமே கண்ட கலம். நடுவில் கிடந்த அறிந்த அளவைகளிலிருந்து இரு திசையிலும் அறியாதவற்றை நோக்கி அவ்வாய்பாடு நீண்டது.

நெல்லிலக்கத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. அதனை இதுவரை எவரும் போதிய அளவு வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. தமிழ்ப் பின்னங்களின் அடிப்படை 320 ஆகும். 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே காரணிகளாகக் கொண்ட எண். ஆதலின் மூன்றில் ஒன்று என்பதை முந்திரி, காணி, மா, கால் முதலிய பின்னப் பெயர்களைக் கூட்டித் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆனால் களத்தில் ஒரு கலம் மூன்றாகப் பிரிந்து தூணியாகிறது. பன்னிரண்டாகப் பிரிந்து குறுணியாகிறது. எண்ணின் மொழி சொல்லமுடியாத மூன்றிலொன்றை அளவையின் மொழி சொல்லிவிடுகிறது. பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் இருவேறு சுவடிகளாகக் கற்பித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்ல முயலும் மாணவன், இரண்டும் முற்றிலும் ஒத்துப்போகா என்பதைத் தானே கண்டுகொண்டிருப்பான்.

மாவும் காணியும்: நிலமா, எண்ணா?

பின்னங்களைக் குறிக்கும் கீழ்வாயிலக்கம் இக்கட்டுரையின் மையச் சான்று. முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, முக்காணி 3/80, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16, அரைக்கால் 1/8, கால் 1/4, அரை 1/2, முக்கால் 3/4 என அது அமையும். இதற்குக் கீழும் முந்திரியின் முந்திரியாகிய கீழ்முந்திரி (1/102400) முதலான நுண்பின்னங்கள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் பரப்பு வேலியின் பின்னமாக இவ்வாறே கீழ்முந்திரிகள்வரை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி என்பது 20 மா. ஆகவே ஒரு மா நிலம் என்பது வேலியில் 1/20. மா என்னும் பின்னமும் மா என்னும் நிலமும் ஒரே சொல். வயலில் தந்தையோடு நடந்த சிறுவனுக்கு மா என்பது வரப்புகளுக்கு இடைப்பட்ட, கண்ணால் அளக்கத்தக்க ஒரு பரப்பு. பள்ளியில் அச்சொல்லைக் கேட்கும்போது 1/20 என்னும் அருவக் கருத்து அவன் மனத்தில் நிலத்தின் உருவத்தில் வந்து அமர்கிறது. மாகாணி என்னும் சொல்லோ தன் கூட்டலைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தால், அதாவது 1/20உம் 1/80உம் சேர்ந்தால் 5/80, அது 1/16. பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப்பகுதி காணும் முறை எதுவும் அறியாத எட்டு வயதுச் சிறுவன், ஒரு சொல்லைப் பிரித்தே அக்கூட்டலைச் செய்துவிடுகிறான். சொல்லமைப்பே வாய்பாடாகும் இத்தகைய இடங்கள் தமிழ்க் கணக்கில் பல.

ஆனால் முன்னனுபவம் எப்போதும் துணையாகவே நிற்பதில்லை. தொண்டை மண்டலத்தில், குறிப்பாகச் செங்கற்பட்டுப் பகுதியில், காணி என்பது 57,600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சைக் கணக்கில் வேலி 2,88,000 சதுர அடி ஆதலால், அதன் 1/80 ஆகிய காணி 3,600 சதுர அடி மட்டுமே. முன்னது பின்னதைப்போல் 16 மடங்கு. செங்கற்பட்டுச் சிறுவனுக்குக் காணி என்பது ஒரு குடும்பம் உழுதுண்ணும் நிலம். அவன் சுவடியிலோ அது எண்பதில் ஒரு பங்காகிய சிறு துண்டு. தஞ்சை மாணவனுக்கு உதவிய அதே சொல், செங்கற்பட்டு மாணவனுக்கு இடறுகல் ஆகியிருக்கக்கூடும். இன்றைய கல்வியியல், மாணவன் முன்னரே கொண்டுள்ள பிழையான கருத்துகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. இங்கு மாணவனின் கருத்து பிழையன்று. அவன் ஊரில் அதுவே சரி. பாடம் வேறோர் ஊரின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதே சிக்கல். சுவடிகளைத் தமிழகம் முழுமைக்கும் பொதுவான ஒற்றை மரபாகக் காணும் போக்கு இத்தகைய வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது.

வாய்பாடுகளுக்கு அப்பால், காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களின் வினாக்களும் வாழ்வுப் பொருள்களையே நாடின. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளிருக்கும் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்பது அந்நூலின் பெயர்பெற்ற கணக்கு. 100 முட்கள் இருப்பின் 120 சுளைகள். பலாப்பழம் இவ்விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு செய்தி. இன்றைய மேடைகளில் இதனைப் பண்டைத் தமிழரின் தாவர அறிவியலாக முழங்குவது மிகை. கல்வி வரலாற்றுக்கு வேண்டியது அதன் விடையன்று, வினா அமைந்த விதம். ஆறைந்து என்னும் பெருக்கலும் வகுத்தலும், மாணவன் ஆவலோடு வெட்டிப் பார்க்க விரும்பும் ஒரு பொருளின்மேல் ஏற்றப்பட்டுள்ளன. கணக்கின் விடையைக் கணக்கின்றியே சரிபார்க்கும் வாய்ப்பை அது அவனுக்கு அளித்தது.

யாருடைய அனுபவம்?

இதுவரை கூறியன திண்ணைப் பள்ளியைப் பற்றிய இனிய சித்திரமாகத் தோன்றலாம். அச்சித்திரத்தை அப்படியே விட்டுவிடுதல் வரலாறாகாது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரிவித்தது. அவர்களுள் ஆண்கள் 1,84,110 பேர். பெண்கள் 4,540 பேர். இவ்வெண்களைத் தரம்பால் 1983இல் மீண்டும் வெளிக்கொணர்ந்ததற்குப் பின், சுதேசக் கல்வியின் பரவலுக்கு அவை சான்றாக எடுத்தாளப்படுகின்றன. அது தக்கதே. ஆயினும் அடுக்களையில் ஆழாக்கையும் உழக்கையும் கையாண்டவர்கள் பெண்கள். நெல்லிலக்கத்தின் நடுப்பகுதி அவர்கள் அறிவு. அவ்வறிவு பள்ளிக்குள் பாடமாக வந்தது. அவ்வறிவுடையோரின் பெண்மக்கள் நூற்றுக்கு மூவர் அளவில்கூட வரவில்லை.

வயலிலும் இதே நிலை. குழிமாற்று என்னும் பரப்பளவு வாய்பாட்டைத் திண்ணையிலமர்ந்து ஒப்பித்த சிறுவன் நாளைய கணக்கன், மிராசுதாரன் அல்லது வணிகன். அளவுகோல் பிடித்து நிலத்தில் நடந்தவரும், மரக்காலை நெல்லில் அமிழ்த்தி எடுத்தவரும், குழி வெட்டியவரும் பெரும்பாலும் திண்ணையில் ஏற அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். அளத்தல் என்னும் ஒரே செயலில் இரு அனுபவங்கள் உண்டு. அளந்து கொடுப்பவன் அனுபவம் ஒன்று. அளந்து தரப்படுவதைப் பெறுபவன் அனுபவம் மற்றொன்று. சுவடிக்குள் புகுந்தது முன்னதே. 8 நாழி ஒரு குறுணி என்பது சுவடியில் மாறாத உண்மை. கூலிநெல் பெற்றவருக்கோ அது மரக்காலைப் பொறுத்தது. கூலி அளக்கும் மரக்கால் சிறுத்தும், குத்தகை அளக்கும் மரக்கால் பெருத்தும் இருந்த கதை தமிழக வேளாண் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவது. 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் முன்வைத்த கோரிக்கைகளுள், முத்திரையிட்ட மரக்காலாலேயே கூலி அளக்கவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. அளவை என்பது இயற்கைப் பொருளன்று, ஓர் உடன்பாடு, அதனை மீறவும் முடியும் என்னும் நுட்பமான அறிவு அக்கோரிக்கையில் அடங்கியுள்ளது. அளவையியலின் அடிப்படைப் பாடம் இதுவே. இது எந்த எண்சுவடியிலும் இல்லை.

ஆகவே திண்ணைப் பள்ளி மாணவரின் அனுபவத்தைப் பாடத்தோடு இணைத்தது என்று சொல்லும்போது, சில மாணவரின் அனுபவத்தை என்று திருத்திச் சொல்ல வேண்டியுள்ளது. உள்ளே வந்தவர்களுக்கும் அவ்விணைப்பு எப்போதும் கைகூடியது என்பதற்கில்லை. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உள்ளிட்ட தன்வரலாறுகளில் பிரம்பும் சட்டாம்பிள்ளையும் பெறும் இடம் சிறிதன்று. சுவடிகள் பாடத்தின் அமைப்பைக் காட்டுகின்றன. அச்சத்தில் ஒப்பித்த சிறுவனின் மனத்தைக் காட்டுவதில்லை. அமைப்பு ஒரு வாய்ப்பை அளித்தது என்பதுவரைதான் நாம் துணிந்து கூறலாம்.

கப்பலேறிய மணல்

திண்ணைப் பள்ளி முறையின் ஒரு கூறு இங்கிலாந்து சென்ற வரலாறு பலரும் அறிந்தது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் ஆண் அனாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டார். அக்காலச் சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தம் விடுதியில் அம்முறையைப் புகுத்த ஆசிரியர்கள் தயங்கியபோது, எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டே சிறுவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே மாணவராசிரியர் முறை பரவியது. சென்னை முறை என்றே அது பெயர்பெற்றது.

கப்பலேறியவை இரண்டு: மணலும் சட்டாம்பிள்ளையும். நெல்லும் மாவும் காணியும் ஏறவில்லை, ஏறியிருக்கவும் முடியாது. லண்டன் ஏழைச் சிறுவனுக்குக் குறுணி என்பது பொருளற்ற ஒலி. பாடம் நடத்தும் உத்தி எங்கும் பெயர்த்து நடத்தக்கது, பாடத்திற்கும் வாழ்வுக்கும் உள்ள இணைப்பு அவ்வாறு பெயர்க்கத்தக்கதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. இதே தவறு பின்னர் எதிர்த்திசையில் நிகழ்ந்தது.

மன்றோவின் கணக்கெடுப்புக்கு விடையாகப் பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை, சுதேசப் பள்ளிகளின் சிக்கனத்தைப் பாராட்டிற்று. மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிப்பதையும், அது இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டதையும் அவர் மெச்சினார். அதே வேளையில் மாணவர் தாம் ஒப்பிக்கும் செய்யுள்களின் பொருளை அறியார், அவற்றின் மொழி பேச்சு மொழியினும் வேறுபட்டது என்று குறைகூறினார். அவர் கண்டவை பெரிதும் தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். எனினும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இக்குறை பொருந்தும். நீதிநூல்களையும் நிகண்டையும் பொருளறியாது ஒப்பித்தல் இங்கும் வழக்கமே. ஆனால் இக்குறைபாட்டைச் செய்யுளிலிருந்து கணக்குக்கும் விரித்து, சுதேசக் கல்வி முழுவதும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பின்வந்தோர் முடிவு கட்டியது பொருந்தாது. செய்யுளில் சிறுவனுக்கு முன்னனுபவம் இல்லை, நெல்லிலக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே குரலில் ஒப்பித்ததனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

கல்வித்துறையும் நாணயமும்

1854ஆம் ஆண்டின் உட்டு அறிக்கையும், 1855இல் அலெக்சாண்டர் ஆர்புத்நாட்டை முதல் இயக்குநராகக் கொண்டு அமைந்த சென்னைக் கல்வித்துறையும் நிலைமையை மாற்றின. தேர்வு முடிவுகளுக்கேற்ப நல்கை வழங்கும் முறை 1860களில் நடைமுறைக்கு வந்தபோது, திண்ணை ஆசிரியர் தம் வருவாய்க்காக ஆய்வாளர் கேட்கும் கணக்கைக் கற்பிக்க வேண்டியவரானார். பவுன், சில்லிங், பென்சு வாய்பாடுகள் தமிழ்ச் சிறுவரின் மனப்பாடத்தில் இடம்பெற்றன. மணல் கப்பலேறிய கதை இங்கே தலைகீழாகத் திரும்பிற்று. கையில் ஒருநாளும் தொடப்போகாத நாணயத்தின் கணக்கை நினைவில் நிறுத்தும் மாணவனே உண்மையான கிளிப்பிள்ளை என்று சொல்லத் தோன்றுகிறது.

இக்குறை அரசின் கவனத்திற்கு வாராமல் இல்லை. 1882இல் அமைந்த ஹண்டர் குழு, தொடக்கப் பள்ளித் தேர்வுகளை எளிமைப்படுத்தவும், நாட்டு முறைக் கணிதம், கணக்கெழுதுதல், நில அளவை ஆகியவற்றுக்கு மிகுதியான இடம் தரவும் பரிந்துரைத்தது. பொன்னிலக்கமும் எண்சுவடியும் மலிவுப் பதிப்புகளாக அச்சாகி 20ஆம் நூற்றாண்டிலும் விற்பனையாயின என்பது, பள்ளிக்கு வெளியே அவற்றுக்கு இருந்த தேவையைக் காட்டுகிறது.

நாணய வரலாறு இங்கு ஒரு சுவையான குறுக்கீடு. கும்பினியின் பழைய சென்னை நாணய முறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 80 என்பது காணியின் பகுதி எண். ஆகவே காணிப் பணம் என்றால் ஒரு காசு. மாகாணிப் பணம் 5 காசு. அரைக்கால் பணம் 10 காசு. கால் பணம் 20 காசு. இம்மதிப்புகளிலேயே செப்புக் காசுகளும் புழங்கின. கீழ்வாயிலக்கத்தின் பெரும்பகுதியைச் சிறுவன் மடியில் முடிந்துகொள்ளக் கூடியதாக இருந்தது. 1818இல் சென்னையில் ரூபாய் நிலைநாணயமானதும் இப்பொருத்தம் பாதி குலைந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்னும் முறையில் ஒரு ரூபாயின் காணி 2.4 பை ஆகும். அத்தகைய நாணயம் இல்லை. ஆனால் மாகாணி துல்லியமாக ஓர் அணாவாயிற்று, அரைக்கால் இரண்டணா, கால் நான்கணா. கீழ்வாயிலக்கத்தில் மாவும் காணியும் மெல்ல ஏட்டளவில் ஒதுங்க, வீசமும் அரைக்காலும் கடைத்தெருவில் உயிரோடிருந்ததற்கு இந்நாணயப் பொருத்தமும் துணைசெய்தது எனக் கொள்ளலாம். வாய்பாட்டின் எப்பகுதி நிலைக்கும் என்பதைப் பள்ளியைவிடச் சந்தையே தீர்மானித்தது.

1953: அனுபவம் என்னும் பெயரால்

வாழ்வனுபவத்தையும் கல்வியையும் இணைக்கவேண்டும் என்னும் குரல் 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடும், அதனையடுத்த ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையும் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தன. நூற்றலிலிருந்து கணக்கும், பஞ்சிலிருந்து புவியியலும் கிளைக்கவேண்டும் என்பது அதன் கருத்து. தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது அதன் வழி. எல்லாச் சாதிச் சிறுவரும் ஒரே தக்ளியைச் சுழற்றுவர்.

சென்னை மாநில முதலமைச்சர் சி. இராஜகோபாலாச்சாரி 1953இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புகுத்திய திட்டம் இதன் திசையை மாற்றியது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் சிறுவர் தம் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றாயிற்று. ஒரே கட்டடத்தில் இருமுறை வகுப்பு நடத்தி மிகுதியான மாணவரைச் சேர்க்கும் பொருளாதார நோக்கமும் அதற்கு உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும் அத்திட்டம் கண்ட எதிர்ப்பு கல்வியியல் நோக்கிலும் ஆழமானது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தனர். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜகோபாலாச்சாரி பதவி விலக, காமராசர் முதலமைச்சரானார். கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் அவ்வாண்டு மே மாதத்தில் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

இவ்வரலாறு அரசியல் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. முன்னனுபவக் கோட்பாட்டின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. வண்ணார் வீட்டுச் சிறுவன் வெள்ளாவியை அறிவான். அவ்வறிவில் வேதியியலுக்கு வழியுண்டு. ஆசிரியர் அதனை வகுப்பறையில் எடுத்தாண்டால் அது முன்னனுபவத்திலிருந்து புதிய கற்றலுக்குச் செல்லும் பாதை. அவனை வகுப்பறையிலிருந்து வெள்ளாவிக்கே திருப்பியனுப்பினால் பாதை அங்கேயே முடிகிறது. டூயி வற்புறுத்திய வேறுபாடும் இதுவே. எதிர்த்தவர்கள் டூயியைச் சுட்டிப் பேசவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. திண்ணையின்மேல் ஏறவிடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியென்பது தாம் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து வெளியேறும் வாயில். தம் அனுபவம் பாடத்தில் மதிக்கப்படவேண்டும் என்பதும், அவ்வனுபவத்திற்குள்ளேயே தாம் அடைக்கப்படலாகாது என்பதும் ஒருசேர நிற்கும் கோரிக்கைகள். பிற்காலக் கல்வி ஆவணங்கள் முன்னதை விரிவாகப் பேசுகின்றன. பள்ளிக்கு வெளியிலுள்ள வாழ்வோடு அறிவை இணைத்தல் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பில் முதல் வழிகாட்டு நெறியாகவே வைக்கப்பட்டுள்ளது. பின்னதைப் பற்றி அவற்றில் அத்துணை அழுத்தம் இல்லை. உள்ளூர்த் தொழில், மரபறிவு என்னும் சொற்கள் பாடத்திட்டங்களில் இடம்பெறுந்தோறும் 1953ஐ நினைவுகூர்தல் தமிழகக் கல்வியாளர்க்கு இயல்பாகவே வருவது. அது வெறும் அரசியல் ஐயமன்று.

பதின்மம்

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் 100 நயாபைசாவாகப் பிரிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கிலோகிராமும் லிட்டரும் மீட்டரும் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஊருக்கு ஊர் மாறிய மரக்காலுக்கு இதனால் முடிவு வந்தது. முத்திரை மரக்கால் கேட்டவர்களின் கோரிக்கை நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று எனலாம். வகுப்பறையில் விளைந்தது வேறு. அரையும் காலும் முக்காலும் 50, 25, 75 பைசாவாகப் புதிய முறைக்குள் இடம்பெற்றன. அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைப் பைசாவாகவும், மாகாணி ஆறேகால் பைசாவாகவும் ஆயின. அவற்றுக்கு நாணயம் இல்லை. அடுத்த தலைமுறைப் பாடநூல்களில் பின்னங்கள் வட்டங்களாகவும் பகுக்கப்பட்ட கட்டங்களாகவும் வரையப்பட்டன. மாகாணி என்னும் சொல் அகராதியில் தங்கியது. அதனை மா எனவும் காணி எனவும் பிரித்துப் பார்க்கும் தேவை மாணவனுக்கு எழவில்லை; பிரித்தாலும், மா எவ்வளவு என்பதை அவன் இப்போது வயலிலும் கேட்பதரிது, அங்கும் ஏக்கரும் சென்டுமே வழங்குகின்றன.